கைப்பிடிக்கு ஒரு லிட்டர்

"போன தடவ எதப் போட்டீங்க, அது எப்படிப் போச்சுங்க?" என்று சுகந்தாமணி கேட்டு முடிப்பதற்குள் சென்னியப்பனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் அந்தக் கேள்வி வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கணபதி மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இறுகிக் கல்லாகிற பிசின்கள் விற்கும் அந்த ரெசின் கடையில், அதற்குப் பதில் சொல்லாமல் எவனும் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. காசை முன்னாலேயே நீட்டினாலும் சரி, பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தாலும் சரி, முன்பு என்ன செய்தாய், அது எப்படிக் கெட்டது என்பதைச் சொன்னால்தான் அந்த அம்மாள் அலமாரிப் பக்கம் திரும்புவாள். அதற்காகவே சிங்காநல்லூரில் பஸ் ஏறியதிலிருந்து மூன்று பொய்களைச் செதுக்கி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, மெருகேற்றிக் கொண்டுவந்திருந்தார். பொய் அவருக்குப் புதிதல்ல. நாற்பத்திரண்டு வருஷம் பவுண்டரியில் பாட்டர்ன் வேலை, அதாவது இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்கிற வேலை பார்த்த மனுஷர். அவர் செய்த பாட்டர்னில் வார்த்த பம்பு ஒன்றை நொய்யலில் இறக்கியபோது, கிழக்கே போகிற அந்த ஆறே அரை மணி நேரம் மேற்கே பார்த்து ஓடியது என்று அவர் சொல்லி, எந்த வருஷம் என்று கேட்டு ஒரு இன்ஜினியர் டைரியில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். ஆனால் இன்றைக்கு மூன்று பொய்களும் தொண்டைக்குழியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, நீ முதலில் போ, நீ முதலில் போ என்று நின்றன. சட்டைப்பையில் கிடந்த அந்த உடைந்த மரத்துண்டு வேறு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. சுகந்தாமணி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லுங்ணா, அவசரமில்ல," என்றுவிட்டு ஒரு துணியால் தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவசரம் அவளுக்கு இல்லை. அவள் தலைக்கு மேலே மூன்று வகை ரெசின் இருந்தது, மூன்றையும் அவர் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி மாறி மாறிப் பார்த்தார். கீழ்த்தட்டில் பாலியெஸ்டர், தண்ணீர்த் தொட்டிக்கும் லாரிக் கூண்டுக்கும் பூசுவது, விலையில் ஏழைக்கு ஏற்றது, மூடியைத் திறந்தால் மூக்குக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி நெடி. போன தடவை போட்டது அதுதான், அதை அவர் சொல்லப்போவதில்லை. நடுத்தட்டில் எபாக்சி, தேன் மாதிரி, எடுத்துப் பிடித்தால் எதிரில் இருக்கிறவன் முகம் தெரியும், ஆனால் தேன் எறும்புக்குத்தான் லாயக்கு, மரத்தின் நாளத்துக்குள் அது எங்கே நுழையும், வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். மேல்தட்டில் அந்த வெளிநாட்டுப் பாட்டில். மரத்துக்கென்றே செய்தது, தண்ணீர் மாதிரி இளகி இருக்கும், சூடு காட்டுகிற வரைக்கும் இறுகாது. அதன் விலையில் அவர் ஒரு மாசத்துச் சர்க்கரை மாத்திரை வாங்கி, மிச்சத்துக்குச் சர்க்கரை ஏறுகிற மாதிரி ஏதாவது வாங்கித் தின்னலாம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எல்லாம் ஒரு மீன்கத்திக்குப் பிடியாகப்போகிற மாங்கட்டைக்காக. மரக்கடைப் பின்புறத்தில் இரண்டு மழை குடித்துக் கிடந்த கட்டை. பூஞ்சை உள்ளே புகுந்து கறுப்பு மையால் கோடு கோடாக வரைந்து வைத்திருந்தது, ஒரு ஊர் வரைபடம் மாதிரி, ஆறும் வாய்க்காலும் வரப்புமாக. அப்படி ஒரு கோட்டை அவர் ஆயுசுக்கும் கையால் போட முடியாது. கை வைத்த மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்தது அவருக்கு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், அவ்வளவு பொதபொதப்பு. ஆனால் அதற்கு ரெசினை வயிறு நிறையக் குடிக்கக் கொடுத்துவிட்டால் கல்லாகிவிடும், கல்லானாலும் கனக்காது, கனக்காததோடு அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காது. தண்ணீர் குடிக்காத மரம். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? பிளாஸ்டிக் பிடி மீன் வழுவழுப்பில் கையை விட்டுப் போய்விடும், புளியங்கட்டை கனத்து மணிக்கட்டை வாங்கிவிடும், வேம்பு மூன்று மாசத்தில் உப்பி ஆணியைத் துப்பிவிடும். இதெல்லாம் உண்மையான காரணங்கள். இதற்கடியில் இன்னொரு காரணமும் இருந்தது, அந்தக் கோடுகளைப் பார்த்து நாலு பேர் யாருப்பா செஞ்சது என்று கேட்க வேண்டும், கத்திக்காரி இவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தபோது அவருக்குக் காது சூடானது.

அவள், அமலோற்பவம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து இருபது வருஷமாக உக்கடம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். சென்னியப்பன் முதலில் மீன் வாங்கத்தான் போனார். போனவர் வாங்கிய மத்தி கையில் நாறிக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அப்படி ஒரு வெட்டை அவர் பார்த்ததில்லை. ஒரு வஞ்சிரத்தைப் பலகையில் போட்டால் அவள் முதலில் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அதை ஒரு தட்டுத் தட்டுவாள், குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி. அந்தச் சத்தத்திலேயே அது எப்போது பிடித்தது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு வெட்டு. இழுப்பும் கிடையாது, குத்தும் கிடையாது, கத்தி தன் கனத்திலேயே இறங்கும், துண்டு துண்டாக ஒரே தடிமனில் சரியும். ஒருநாள் அவர் ரகசியமாக ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தார். நடுவிலும் ஓரத்திலும் வித்தியாசம் ஒரு நூல்கூட இல்லை. பாட்டர்ன் ஷாப்பில் மெஷினில் அறுக்கிறவனுக்கே அது வராது. அவர் ஊரெல்லாம் எதையும் கூட்டித்தான் சொல்லுவார், அது தொழில் பழக்கம். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் பாட்டர்ன்காரன் அளவுகோலே நிஜ அளவுகோலைவிட நூற்றுக்கு ஒன்று நீளமாக இருக்கும், அந்தக் கோலைக் கையில் பிடித்து நாற்பது வருஷம் ஆனவன் பேச்சு மட்டும் எப்படிச் சரியளவில் வரும், கேட்கிறவன் காதில் போய் ஆறினால் சுருங்கத்தானே போகிறது என்று அவர் சமாதானம் சொல்லுவார். ஆனால் அமலோற்பவம் வெட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கூட்ட எதுவும் அகப்படவில்லை. உள்ளதைச் சொன்னாலே எல்லாரும் சிரித்தார்கள், அண்ணன் ஆரம்பிச்சிட்டாரு என்றார்கள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவள்தான் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அண்ணாச்சி என்ன, மீன் வாங்க வாரீயளா, பொண்ணு பாக்க வாரீயளா?" அப்போதுதான் அவள் கத்திப் பிடியைக் கவனித்தார். பிளந்த வேப்பங்கட்டை, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தாள். அவருக்கு அது தாங்கவில்லை. நல்ல பாட்டுக்காரிக்கு யாரோ தகரத்தில் தம்புரா கொடுத்த மாதிரி இருந்தது. பையில் எப்போதும் கிடக்கிற அச்சுக் களிமண்ணை அங்கேயே ஒரு உருண்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, கத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடி அம்மிணி என்று அச்சு எடுத்துக்கொண்டார். விரல்கள் பதிந்த இடம் நாலு, கட்டைவிரல் அமுங்கிய இடம் ஒன்று, ஆழமாக. எல்லாப் பலமும் அந்தக் கட்டைவிரலில்தான் இருந்தது.

அந்தக் கட்டைவிரல்தான் இப்போது கட்டுப்போட்டுக் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, காலை எட்டு மணிக் கூட்டம், அவர் செய்து கொடுத்திருந்த மாங்கட்டைப் பிடிக்குள் கத்தி அப்படியே புரண்டது. அலகின் அடிமுனை வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சவ்வில் இறங்கியது. நாலு தையல். நரம்பு ஒரு நெல்மணி தூரத்தில் தப்பியிருக்கிறது, இன்னொரு தடவை இப்படி ஆனால் விரல் இருக்கும், பிடி இருக்காது என்று டாக்டர் சொன்னாராம். விரல் இருக்கும், பிடி இருக்காது. ஒன்பது நாளாக அந்த வாக்கியம் அவர் மண்டைக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி சுற்றுகிறது, சோற்றில் உட்காருகிறது, தலையணையில் உட்காருகிறது. அவர் பார்க்கப் போனபோது அவள் சொன்னதுதான் அதைவிட மோசம்: "மத்தி எண்ண அண்ணாச்சி, கையெல்லாம் எண்ண, வழுக்கிட்டு. ஒம்ம பிடி என்ன செய்யும், பாவம்." அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார், திறந்த வாயிலிருந்து, "இந்தக் கத்தி ரயில்ல ஓடுன இரும்பு அம்மிணி, ஓடுன பழக்கம் போகல, அதுதான் கையிலயும் ஓடப் பாத்திருக்குது" என்று ஒரு கதை வந்தது. அவள் வலியோடு சிரித்தாள். தைத்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். உடைந்த பிடியைக் கொடு, புதுசு செய்து தருகிறேன், வர்ற ஞாயிறு விட்டு மறு ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் கையில இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து துண்டுகளைப் பார்த்தார். மேலே ஒரு தோல் கனத்துக்குத்தான் ரெசின். உள்ளே வெள்ளை வெளேரென்று மாங்கட்டை, பச்சையாக, ரஸ்க் மாதிரி பொரபொரவென்று. வழுக்கியது மத்தி எண்ணெய் இல்லை. ஆணியைச் சுற்றி மரம் நொறுங்கிக் கத்தி ஆடியிருக்கிறது, ஆடியது புரண்டிருக்கிறது. மினுமினுப்பைப் பார்த்து அவள் நம்பினாள். அவர் மட்டும் என்ன, அவரும் மினுமினுப்பைத்தான் பார்த்தார்.

ஆனால் ஏன் உள்ளே போகவில்லை? இந்த இடத்துக்கு வந்ததும் அவர் எண்ணம் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் சிக்கின வண்டிச்சக்கரம் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். ரெசின் தப்பா, தான் தப்பா. ரெசின் தப்பு என்றால் நல்ல ரெசின் வாங்கினால் தீர்ந்தது. தான் தப்பு என்றால் கோபுர விலைக்கு வாங்கி ஊற்றினாலும் உள்ளே அதே வெள்ளை மரம்தான், வெளியே அதே மினுமினுப்புதான், ஞாயிற்றுக்கிழமை அவள் அதே நம்பிக்கையோடு கட்டைவிரலை அதே பள்ளத்தில் வைப்பாள். நினைக்கும்போதே அவருடைய வலதுகைக் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொண்டது. அன்றைக்கு என்ன குறைச்சல்? பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரை எடுத்து, பிரஷர் குக்கருக்குக் கண்ணாடி மூடி போட்டு, ரப்பர் வளையம் வைத்து, காற்றை உறிஞ்சுகிற எந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். கட்டையை ரெசினில் முக்கி, மேலே கல் வைத்து, சுவிட்சைப் போட்டதும் பாருங்கள், மரத்தின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் குமிழி. முத்து முத்தாக, சரம் சரமாக, கண்ணாடிக்கடியில் நுரை பொங்கி வந்தது. என்ன அழகு அது. மாமரம் உயிரோடு இருந்தபோது இழுத்த மூச்சையெல்லாம் விடுகிறது என்று தோன்றியது அவருக்கு. எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டி, "இது போன சித்திரை மாசத்துக் காத்துங்க வாத்தியாரே, மாம்பூ வாசன அடிக்குது பாருங்க" என்றார். அவரும் மூக்கை உறிஞ்சிவிட்டு ஆமாம் என்று வேறு சொல்லிவிட்டார். குமிழி நிற்கவே இல்லை. அரை மணி ஆயிற்று, நிற்கவில்லை. ரெசின் தயிர் மாதிரி கெட்டியாக ஆரம்பித்தது, இனி விட்டால் குக்கரோடு இறுகிவிடும் என்று பயந்து எடுத்துவிட்டார். இவ்வளவு குமிழி போயிருந்தால் அந்த இடத்துக்கெல்லாம் ரெசின் போயிருக்கத்தானே வேண்டும்? காற்று வெளியே வந்தால் ரெசின் உள்ளே போகும், பஸ்ஸில் ஒருத்தன் எழுந்தால் ஒருத்தன் உட்காருகிற மாதிரி. இதில் எங்கே தப்பு? கம்ப்ரசர் சரியில்லையா, மாங்கட்டை பிடிக்கவில்லையா, வாத்தியார் கண் பட்டதா.

"என்னங்ணா, ஞாபகம் வந்துதுங்களா?" என்றாள் சுகந்தாமணி. தராசு பளபளத்தது. முதல் பொய் சந்தடி சாக்கில் வெளியே குதித்துவிட்டது. "எல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. வாங்கிட்டுப் போனவங்க கத்தியக் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கழுவிப்போட்டாங்க. கொதிதண்ணில போட்டா எது தாங்கும் சொல்லுங்க, அதுல பிடி விட்டுப்போச்சு." சொல்லி முடித்ததும் அவருக்கே அது நன்றாக இருந்தது, இழைப்புளி ஓடின பலகை மாதிரி சீராக. சுகந்தாமணி தலையை ஆட்டினாள், ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. "சூடுதானுங்களா பிரச்சன. அப்ப சூடு தாங்கற எபாக்சி ஒண்ணு இருக்குது, மேல பூசறாப்பல. மரத்துக்குள்ள போகாது, ஆனா உங்களுக்கு உள்ளதான் ஒண்ணும் கெடலையே," என்றபடி நடுத்தட்டுக்குக் கையை நீட்டினாள். சென்னியப்பன் அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய பொய்தான் அந்தக் கைக்குள் புகுந்து அந்த டப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவர் சொன்னதெல்லாம் கேட்டவன் காதில் விழுந்து சிரிப்பாகிக் கரைந்து போயிருக்கிறது. எந்தப் பொய்யும் இப்படி எழுந்து நடந்துபோய் ஒரு டப்பாவை எடுத்து, சிங்காநல்லூருக்கு பஸ் ஏறி, மாங்கட்டை மேல் மினுமினுப்பாக உட்கார்ந்து, உக்கடத்துக்குப் போய் ஒருத்தி கட்டைவிரலுக்கடியில் படுத்துக்கொண்டதில்லை. மூடியில் அவள் விரல் பட்டது. மேல பூசறாப்பல, மேல பூசறாப்பல. "இருங்கம்மா," என்றார். "ஒரு நிமிஷம் இருங்க. அத எடுக்காதீங்க."

அந்த ஒரு நிமிஷத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு டெம்போ. அதிலிருந்து நெற்றியில் கரி அப்பிய ஒருத்தன் காலி கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஓட்ட அடைக்கிற மருந்து அஞ்சு லிட்டர், சீக்கிரமுங்க, முப்பது பம்பு பாடி வேர்த்துக்கிட்டு நிக்குது" என்றான். ஓட்டை அடைக்கிற மருந்து. அந்தப் பேரைக் கேட்டதும் சென்னியப்பனுக்குப் பழைய இளக்காரம் உதட்டோரம் வந்துவிட்டது. வார்ப்பு சரியாக விழாமல் இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் தண்ணீர் ஊற்றியதும் பம்பு வேர்க்கும். அதைக் கொண்டுபோய் ஒரு தொட்டியில் போட்டு, காற்றை உறிஞ்சி, இந்த மருந்தைக் குடிக்க வைத்து, வெந்நீரில் வேகவைத்தால் துளை அடைந்துவிடும். தன் பாட்டர்னில் வார்த்தது ஒன்றுகூட அந்தத் தொட்டிக்குப் போனதில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். போயிருக்கிறது, பதினேழு. சுகந்தாமணி பெரிய பீப்பாயைச் சாய்த்தாள். அவர் இளக்காரம் அப்படியே மறந்து அவள் ஊற்றுவதைப் பார்த்தார், ஏனென்றால் அது பார்க்க வேண்டிய ஊற்று. ஒரு கை பீப்பாய்க் கழுத்தில், ஒரு கை கேனில், நூல் பிடித்த மாதிரி ஒரே தாரை, ஐந்தாவது லிட்டர் கோட்டில் மணிக்கட்டை ஒரு திருகு, ஒரு சொட்டு வெளியே இல்லை, தரையில் கறை என்று எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. அமலோற்பவத்தின் கத்தி இறங்குவதும் இப்படித்தான். தன் வேலையைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமோ என்னவோ, அந்தக் குடும்பத்தில் தான் இன்னும் சேர்த்தியா என்று அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அந்தத் தாரை தண்ணீர் மாதிரி இருந்தது. தேன் மாதிரி இல்லை, தண்ணீர் மாதிரி. கரி அப்பியவன் கேனைத் தூக்கிக்கொண்டு போனான். கடையில் நெடி கொஞ்ச நேரம் நின்றது.

சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகு சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தார், இல்லை. பொய்யென்றால் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு வரிசையாக வரும். இது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. "கொதிதண்ணியெல்லாம் இல்லைங்க. நான் சொன்னது பொய். பாலியெஸ்டர் போட்டேன். மரத்தக் காயவைக்கல, கையில தொட்டுப் பாத்தேன், காஞ்சாப்பல இருந்துச்சு. அரை மணி நேரம் காத்த எடுத்தேன். கெட்டியாகுதுன்னு எடுத்துப்போட்டேன். இத வச்சு மீன் வெட்டுற அம்மிணிக்கு நாலு தையல் போட்டிருக்குதுங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது." இவ்வளவுதான். ஒன்பது நாள் சுமந்தது, எடுத்து வைத்தால் ஒரு உள்ளங்கைக்கு இருந்தது. சுகந்தாமணி துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், நகத்தால் உள் மரத்தைச் சுரண்டினாள், முகர்ந்தாள். "கோடு அழகா இருக்குதுங்ணா," என்றாள் முதலில். அந்த நேரத்தில் அதை அவர் எதிர்பார்க்கவில்லை, கண் கலங்கிவிடும் போலிருந்தது. "குமிழி நின்னுச்சுங்களா?" "நிக்கவே இல்லைங்க." "எப்படி நிக்கும்? அது மரம் விட்ட காத்து இல்ல. காத்த உறிஞ்சுனா பாலியெஸ்டரே கொதிக்கும், சூடு இல்லாமயே. நீங்க பாத்தது ரெசின் கொதிச்சது. கட்டை பாட்டுக்குச் சும்மா கெடந்திருக்கும்." அரை மணி நேரம், கண்ணாடிக்கு மேல் குனிந்து, மாமரத்தின் மூச்சு என்று அவர் மெய்மறந்து பார்த்தது அதைத்தான், வாத்தியார் மோந்து பார்த்ததும் அதைத்தான். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தன்னிடம் இத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள், தன்னை ஏமாற்ற ஒரு குக்கர் ரெசின் போதுமாயிருந்திருக்கிறது. சுகந்தாமணி சிரிக்கவில்லை, சிரிப்பு முடியட்டும் என்று நின்றாள். "இன்னொண்ணுங்ணா. காத்த எடுக்கையில மரம் குடிக்காது. எடுத்து முடிச்சு, காத்தத் திரும்ப உள்ள விடுவீங்க பாருங்க, அப்பத்தான் குடிக்கும். அப்ப ஊறப் போடோணும், எடுத்தத விட ரெண்டு பங்கு நேரம். எல்லாரும் குமிழியப் பாத்துட்டு, அது நின்னதும் தூக்கிப்போடுவாங்க." வேடிக்கை பார்க்க ஒன்றுமே இல்லாத நேரத்தில்தான் வேலை நடக்கிறது. அது அவருக்கு உறைத்த உறைப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப மேல இருக்கிற அந்தப் பாட்டில்தானுங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டார். "அது எதுக்குங்க? இப்ப ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரே, அதுவும் இதுவும் ஒரே சாதிதான். இரும்புத் துளைக்குள்ள போறது மரத்துக்குள்ள போகாதுங்களா? சூடு காட்டுனாத்தான் எறுகும், எத்தன மணி நேரம் வேணாலும் ஊறப்போடலாம். வெலயும் நாலுல ஒரு பங்குதான்." ஓட்டை அடைக்கிற மருந்து. நாற்பத்திரண்டு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போன தொட்டிக்குள்தான் அது இருந்திருக்கிறது. பதினேழு பம்பு அவர் மானத்தைக் காப்பாற்ற அதைக் குடித்திருக்கிறது, நன்றி என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. ஒரு லிட்டர் கேட்டார். அவள் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் மனசுக்குள் நாள் எண்ணினார். மரத்தை ஓவனில் வைத்து எடை குறைவது நிற்கிற வரைக்கும் காயவைக்க வேண்டும், மூன்று நாள், மழை குடித்த கட்டைக்கு நாலு. ஆறவைத்து ரெசினில் போட்டுக் காற்றை எடுக்க ஒரு நாள். ஊற ஒரு நாள். அலுமினியத் தாளில் சுற்றி வேகவைக்க ஒரு நாள். ஒரு துண்டை அறுத்து உள்ளே பார்க்க வேண்டும், இன்னொரு துண்டைத் தண்ணீரில் மூன்று நாள் போட்டு எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது நாள். ஐந்து நாளில் முடித்துக் கொடுக்கலாம்தான், மினுமினுப்பு வந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது. யாருக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே முதுகு சில்லிட்டது. அது வேறு யாரோ உள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இல்லை, அவர் குரலிலேயே, அவர் சிரிப்போடேயே பேசியது. அது அடுத்த வார்த்தை பேசுவதற்குள் போனை எடுத்து அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கத்தி ரெடியாயிட்டா?" என்றாள் அவள். பின்னால் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். அவர் சொன்னார். ரெசினிலிருந்து ஆரம்பித்து, வெள்ளை மரம், கதை சொன்னது, மத்தி எண்ணெய் காரணமில்லை என்பது வரைக்கும் சொன்னார். தேங்காய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தார், இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ ஒம்பது நாளா அந்தப் பாவப்பட்ட மத்திய ஏசிக்கிட்டு கெடந்திருக்கேன்," என்றாள் கடைசியில். அவருக்கு ஒரு கதை, நல்ல கதை, சிரிக்க வைக்கிற கதை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினார். "ஆமா அம்மிணி," என்றார். "எத்தன நாளு ஆவும்?" "பத்து நாள்." "பத்துன்னா பத்துதானா, ஒம்ம கணக்குலயா?" "பத்துதான். கெட்டுப்போச்சுன்னா அதையும் சொல்றேன்." அவள் குரல் மாறியது, கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை, பலகையில் மீனைப் போட்டபின் வருகிற குரல்: "செய்யுங்க. ஆனா மொத கூடைய நீங்கதான் வெட்டணும். எம் பலகையில, ஞாயித்துக்கிழம கூட்டத்துல, அந்தக் கத்தியால. நான் பக்கத்துல நின்னு பாப்பேன். ஒரு கூட முழுசும் கேட்டியளா? அதுக்கப்புறம் எங்கிட்ட தாங்க." அவர் சரி என்பதற்குள் வைத்துவிட்டாள். அவருடைய வலதுகை, அறுபத்தொன்பது வயசுக் கை, உளி பிடித்துக் காய்த்த கை, மீன் வெட்டத் தெரியாத கை. அதை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. அவள் கேட்டது நியாயமாக இருந்தது, அதைவிட, அவள் கேட்ட விதம் அவ்வளவு அளவாக, ஒரு நூல் கூடாமல் குறையாமல் இருந்தது, அவர் வாய்விட்டு, "அடேயப்பா" என்றார்.

சுகந்தாமணி கேனை நிரப்பி மூடியைத் திருகிவிட்டு, காதோரம் செருகியிருந்த மார்க்கர் பேனாவை எடுத்தாள். "பாக்கறதுக்குத் தண்ணியாட்டம் இருக்குதுங்ணா, வீட்டுல யாராச்சும் தெரியாம எடுத்துருவாங்க. எதுக்குன்னு மேல எழுதிப்போடோணும். என்னன்னு எழுதட்டுங்க, மரத்துக்குன்னா?"

"கட்டைவிரலுக்குன்னு எழுதுங்கம்மா."

அவள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "யாரோட கட்டைவிரலுங்க?"

"மொதல்ல என்னோடதுங்க," என்றார் சென்னியப்பன். "அது தப்பிச்சுதுன்னா, அப்புறம் அவங்களுது."